ஏழு நாள் கழித்து வந்த கேள்வி

அன்புள்ள வசந்தி,

உன் மடல் வியாழக்கிழமை வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டிருந்தவை இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயங்களாக இல்லாததால் இன்றுவரை இழுத்துவிட்டது.

பின்னங்களைப் பற்றி நீ எழுதிய பதிவு, வாசகர் ஓட்டுக்கேற்ப எழுதுபவருக்குக் காசு தரும் அந்த ஹைவ் தளத்தில் இப்படிப் பரவும் என்று நினைக்கவே இல்லை என்கிறாய். எனக்கு அது படித்த அன்றே தெரிந்தது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் நீ இதுவரை எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று அப்போதே தோன்றியது. தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடிக்கச் சொன்னால் எந்தக் குழந்தையும் மடித்துவிடும், மூன்றாக மடிக்கச் சொன்னதும் கை தடுமாறும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நானும் ஒரு தாளை எடுத்து மடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தை உள்ளே வளைத்து, மறு ஓரத்தை அதன் மேல் கொண்டுவந்து, மூன்று பட்டையும் ஒத்துவரும்வரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பது அப்படி நகர்த்தும்போதுதான் விரலுக்கு உறைக்கிறது. காலமெல்லாம் வகுப்பறையில் நின்றவளால்தான் இதைக் கவனிக்க முடியும். பாராட்டு உனக்குரியதுதான், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்.

இனித் தினமும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அங்கே வெகுமதி எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நீ சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே எல்லா ஓட்டும் ஒரே எடை இல்லை. ஒருவரிடம் எவ்வளவு ஹைவ் பவர், அதாவது உடனே எடுக்க முடியாதபடி கணக்கில் பூட்டி வைத்த ஹைவ் நாணயம், சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்ற மதிப்புத்தான் அவருடைய ஓட்டுக்கு. அதனால்தான் பெருந்தொகை வைத்திருப்பவரைத் திமிங்கிலம் என்றும் நம்மைப் போன்றவர்களைச் சின்ன மீன்கள் என்றும் சொல்கிறார்கள். உன் பதிவுக்கு முதல் நாள் நிறையப் பேர் ஓட்டுப் போட்டும் தொகை அசையாமல் கிடந்து, மறுநாள் காலையில் திடீரென்று எகிறியது என்கிறாயே, அது அநேகமாக ஒன்றிரண்டு திமிங்கிலங்களின் ஓட்டாக இருக்கும். பதிவில் சேரும் தொகையில் எழுதியவருக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி. ஓட்டுப் போடுவதற்கும் வருமானம் உண்டு என்பதால் பலர் அதைத் தானியங்கியிடம் விட்டுவிடுகிறார்கள். இன்னார் ஓட்டுப் போட்டால் என் ஓட்டும் அங்கே போகட்டும் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், பதிவைத் திறக்காமலே ஓட்டு விழும். இன்னொன்று, ஒருவர் முழு வலுவோடு பத்து ஓட்டுப் போட்டால், ஒரு நாளில் மீண்டும் ஊறுகிற ஓட்டுச் சக்தி அத்தனையும் தீர்ந்துவிடும். நீ தினமும் எழுதுவதால் அவர்கள் ஓட்டு அதிகமாகப் போவதில்லை.

இதைச் சொல்வது உன் மகிழ்ச்சியைக் குறைக்க இல்லை. புதியவர்களின் நல்ல எழுத்தைத் தேடிப் படித்து, பெரிய ஓட்டு உள்ளவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். உன் பதிவு அப்படி ஒருவர் கண்ணில் பட்டிருக்கலாம். அவர் படித்துத்தான் பரிந்துரைத்திருப்பார். அவருக்கு ஒரு நன்றி எழுதிவிடு.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் அவர் போன பிறகு ஒரே பதிவாக எழுதிப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது, நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை ஏன் கூடாது, சிவந்த இடத்தை ஏன் தேய்த்துவிடக் கூடாது, எல்லாம் செவிலியர்கள் எனக்குச் சொல்லித் தந்தவை. அதற்கு முன் நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கட்டுரைகளைச் சீண்டுவார் இல்லை. இது ஒரே இரவில் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. வாழ்த்துகள், பதக்கச் சின்னங்கள், “தொடர்ந்து எழுதுங்கள்” என்ற பின்னூட்டங்கள். ஏழாம் நாள் கணக்கு முடிந்து தொகை வந்தது. நான் கனவிலும் நினைக்காத தொகை. அதில் பாதியை உடனே எடுக்க முடிந்தது. மீதி ஹைவ் பவராகப் போய் உட்கார்ந்தது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் வாரம் ஒரு பங்காக 13 வாரம் ஆகும்.

ஏழு நாள் என்பதைக் கவனி, வசந்தி. அந்த ஏழு நாளுக்குள் விழும் ஓட்டுக்குத்தான் காசு. எட்டாம் நாள் ஆயிரம் பேர் படித்து ஓட்டுப் போட்டாலும் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் என் பதிவு உண்மையில் தேவைப்பட்டவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். வராமல் எப்படி? தகப்பனார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அன்றுதானே மகள் இதைத் தேடப் போகிறாள்! அது எந்த வாரத்தில் நடக்கும் என்று யார் சொல்ல முடியும்?

அப்படி வந்த ஒருவரை என்னால் மறக்க முடியாது. கேள்வி கேட்பதற்காகவே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். வாழ்த்து, பாராட்டு எதுவும் இல்லை. “சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் படுக்கைப் புண்ணின் தொடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா நல்ல கறுப்பு. அவர் உடம்பில் சிவப்பும் தெரியவில்லை, வெளுப்பும் தெரியவில்லை. நான் எப்படிக் கண்டுபிடிப்பது?” அவ்வளவுதான். அந்தப் பதிவுக்கு வந்த மிகச் சிறந்த பின்னூட்டம் இதுதான் என்று இன்றும் சொல்வேன். அம்மா சிவப்பு, எனக்கு அந்தக் கேள்வி எழ வாய்ப்பே இருக்கவில்லை. எங்களுக்கு உதவிய செவிலியரையே தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னது இது: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா. விரலுக்குக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ படுகிறதா. தொட்டால் அவர் முகம் சுளிக்கிறாரா. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ தெரிகிறதா. கறுத்த தோலில் தொடக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது, அதனால்தான் கையால் பார்க்க வேண்டும் என்றார். கேள்வி கேட்டவருக்கு அன்றே பதில் எழுதினேன். பதிவுக்குள்ளேயும் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். இப்போது அந்தப் பதிவில் ஆளுக்கு ஆள் எடுத்து அனுப்புவது அந்தப் பத்தியைத்தான்.

ஒரு பதிவு பரவலாகப் போய்விட்டால் அதை எழுதியவருக்கு வேலை தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிதாக நாலு பதிவு போடுவதைவிட அந்த ஒன்றைப் பராமரிப்பது முக்கியம். கேட்டவருக்குப் பதில், தெளிவில்லாத வரிக்குத் திருத்தம், காலம் மாறினால் புதுத் தகவல். ஹைவில் கணக்கு முடிந்த பிறகும் பதிவைத் திருத்தலாம். பழைய வடிவம் பிளாக்செயின் என்ற அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில் அப்படியே இருக்கும், ஆனால் வாசகர் கண்ணில் படுவது புதியதுதான். இதற்கு ஒரு காசும் கிடைக்காது. பார்க்கிற ஆளும் இல்லை. அதனாலேயே பலரும் செய்வதில்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

உன் பதிவிலும் ஒரு தாய் கேட்டிருந்தாரே, பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று. நீ “நல்ல கேள்வி, பிறகு எழுதுகிறேன்” என்று விட்டிருக்கிறாய். அதை இப்போதே எழுது. உன் தாள்களை வைத்தே சொல்லிவிடலாம். ஆறு தாளைக் கால் காலாகக் கிழித்தால் 24 துண்டு. முக்கால் முக்காலாக வேண்டுமென்றால் அந்த 24 துண்டுகளை மும்மூன்றாகச் சேர்த்து வைத்தால் 8 அடுக்கு. நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறோம். இதை நீ என்னைவிட நூறு மடங்கு நன்றாக எழுதுவாய். தேர்வுக்கு முந்தின இரவு பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் அதைத் தேடி வருவார்.

எதிர்வாக்கு விஷயம். ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒருவர் உன் தொகையில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார் என்று மனம் நொந்து எழுதியிருந்தாய். எனக்கும் அது நடந்திருக்கிறது, வலி தெரியும். அன்றாடம் உருவாகும் வெகுமதி எல்லாருக்கும் பொதுவான ஒரே குவியல். ஒருவருக்கு அதிகம் போனால் மற்றவர்களுக்கு அவ்வளவு குறையும். அதனால் ஒரு பதிவுக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்று நினைப்பவர் எதிர்வாக்குப் போட்டுக் குறைக்கலாம். 2019இல் இன்னும் ஸ்டீம் என்ற பழைய தளமாக இருந்தபோதே இதற்கென்று தனி ஓட்டுச் சக்தி ஒதுக்கினார்கள். 2020 மார்ச்சில் ஹைவ் பிரிந்து வந்தபோது அதுவும் கூடவே வந்தது. விதியின்படி அவர் செய்தது சரி. காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்பதில் நான் உன் பக்கம்தான். ஆனால் சண்டைக்குப் போகாதே. அது உன் எழுத்தின் மேல் வந்த தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகையைப் பார்த்து மட்டுமே போட்டிருக்கலாம்.

இங்கே எல்லாரும் நலம். மகன் வேலை மாறிவிட்டான். இப்போது நேரத்தோடு வீட்டுக்கு வருகிறான், முகம் தெளிந்திருக்கிறது. நான் காலையில் நடக்கிறேன், முழங்கால் பரவாயில்லை.

உன் அத்தை படுக்கையாகிவிட்டார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்கள்? இரவில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இருக்கிறதா? அத்தையும் நல்ல கறுப்புதானே, அந்தப் பத்தியை இத்துடன் தனியாக அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்பவரிடம் காட்டி, முதுகின் அடிப்பக்கம், இடுப்பெலும்பு, இரண்டு குதிகால், முழங்கை, தலையின் பின்புறம் எல்லாவற்றையும் தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது கையால் தொட்டுப் பார்க்கச் சொல். ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் அந்த இடத்தில் பாரம் விழாமல் படுக்க வைத்து, அன்றே டாக்டரிடமோ செவிலியரிடமோ காட்டிவிட வேண்டும். எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
கோமதி