செயலாளர் ஆண்டறிக்கை (பிப்ரவரி 2025 – ஜனவரி 2026)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். சியாட்டிலை அடுத்த பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ் வட்டாரத் தமிழ் பேஸ்பால் ரசிகர்களாகிய நம் மன்றத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் 22 பேர் சேர்ந்து நம் சியாட்டில் மரினர்ஸ் அணியின் மைதானமான டி-மொபைல் பார்க்கில் ஓர் ஆட்டம் பார்த்தோம். ஜூனில் மேரிமூர் பூங்காவில் பிள்ளைகளுக்கான டீ-பால் நாள் நடந்தது. ஜூலை 27 அன்று நம் அணியின் பழைய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்ந்ததைத் தலைவர் வீட்டில் இட்லி வடையோடு பார்த்தோம். ஆகஸ்ட் 9 அன்று இனி வேறு யாரும் அணியாதபடி அணி அவருடைய 51ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தபோது நம் மன்றத்தார் 17 பேர் மைதானத்தில் இருந்தோம். செப்டம்பர் கூட்டம் போதிய ஆள் சேராததால் நடக்கவில்லை.

அக்டோபரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2001க்குப் பிறகு முதல்முறையாக மரினர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. நம் அணியின் கால் ராலி அந்த சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் மோதும் ப்ளேஆஃப் சுற்றில், அக்டோபர் 10 அன்று டெட்ராய்ட் டைகர்ஸுடன் நடந்த ஐந்தாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 15 இன்னிங்ஸ் போய், நம் ஹோர்ஹே போலாங்கோவின் அடியில் 3–2 என்று நமக்கு வெற்றியாக முடிந்தது. அன்று என் வீட்டில் அறுபது பேர். வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் மாடிப்படி முழுக்கச் செருப்பாக இருந்தது. பத்து நாள் கழித்து, இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் டொராண்டோவில், தீபாவளி அன்றே வந்தது. 3–1 என்று முன்னால் இருந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4–3. வேர்ல்ட் சீரிஸை எட்டிப் பார்க்காத ஒரே அணி என்ற பெயர் நம்மோடு அப்படியே இருக்கிறது. திண்ணையில் வைத்த அகல் விளக்குகள் எண்ணெய் இல்லாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. எழுந்து போய் எண்ணெய் விட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஒரு மாதத்தில் மட்டும் 14 குடும்பங்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்தன. டிக்கெட் கிடைக்குமா, யார் வீட்டில் பார்க்கிறோம் என்று ராத்திரி ஒரு மணிக்கும் செய்தி வந்துகொண்டே இருந்தது. நவம்பர் பிறந்ததும் குழு அடங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இந்த ஆண்டில் நான் பொறுப்பெடுத்துச் செய்த வேலை, குளிர்கால விவாத வரிசை. அணியின் சொந்தப் புகழ் மண்டபமான மரினர்ஸ் ஹால் ஆஃப் ஃபேமில் அடுத்து யாருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதை நாமே உட்கார்ந்து பேசி, ஒரு பெயரைத் தேர்ந்து, காரணங்களோடு அணி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவது என்பது திட்டம். சென்ற பொதுக்குழுவில் கை தூக்கி ஒப்புதல் கொடுத்தீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆறு சனிக்கிழமைகள், நூலகக் கூட்ட அறையில் பகல் இரண்டு மணிக்கு. நம் விதி எளியது: குறைந்தது ஐந்து சீசன் இந்த அணிக்காக ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.

இந்த விதியால் முதல் அமர்விலேயே மைக் கேமரன் வெளியே போனார். 2002 மே மாதம் சிகாகோவில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தவர். ஆனால் இங்கே ஆடியது நான்கு சீசன்தான். எனக்கும் வருத்தம்தான். விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் அடுத்தவருக்கும் தளர்த்த வேண்டிவரும் என்று தலைவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது அமர்வு ஹெரால்ட் ரெனால்ட்ஸ், ஹூலியோ க்ரூஸ் இருவருக்குமானது. ரெனால்ட்ஸ் 1987இல் 60 பேஸ் திருடி (பந்து வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) லீக்கில் முதலிடம் பிடித்தவர். க்ரூஸ் அணி பிறந்த 1977ஆம் ஆண்டிலேயே ஆடத் தொடங்கி, பின்னாளில் ஸ்பானிஷ் வர்ணனையாளராகவும் இதே அணியோடு இருந்து, 2022இல் மறைந்தவர். அன்று வந்தது பதினோரு பேர்.

மூன்றாவது அமர்வில் அலெக்ஸ் ரோட்ரிகஸ். அன்றுதான் அறை நிறைந்தது. 1996இல் .358 சராசரி, 1998இல் 42 ஹோம் ரன்னும் 46 திருட்டும். எண்களை மட்டும் பார்த்தால் விவாதமே தேவையில்லை. ஆனால் 25 கோடியே 20 லட்சம் டாலருக்கு டெக்சாஸ் போனது ஒரு பக்கம், ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 சீசன் முழுக்கத் தடை வாங்கியது இன்னொரு பக்கம். தடை நியூயார்க்கில் இருந்தபோது வந்தது, சியாட்டில் ஆண்டுகளை அதோடு முடிச்சுப் போடக்கூடாது என்று ஒரு தம்பி நன்றாக வாதாடினார். பணத்துக்குப் போனது தப்பா, நாமெல்லாம் எதற்காக ஊரை விட்டு வந்தோம் என்று ஓர் அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. அமர்வு நாலரை மணி வரை நீண்டது.

நான்காவது அமர்வில் பிரெட் பூன், ஜான் ஓலெருட். பூனின் 2001 சீசன், .331, 37 ஹோம் ரன், 141 ரன் கொண்டுவந்தது, அணி 116 ஆட்டம் வென்ற அந்த ஆண்டின் முதுகெலும்பு. ஓலெருட் நம்மூர்க்காரர். சியாட்டிலில் பிறந்து, பெல்வியூவில் இன்டர்லேக் பள்ளியில் படித்தவர். 1989இல் மூளை ரத்தக்குழாயில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து முதல் பேஸில் நிற்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர். அவருக்காகப் பேசிய ஐயா அந்த ஹெல்மெட்டைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார். அவர் பேசி முடித்தபோது என் மனமே கொஞ்சம் அசைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாவது அமர்வு கைல் சீகர். இங்கேதான் என்மீது குற்றச்சாட்டு எழுந்தது. செயலாளர் தனக்குப் பிடித்த ஆட்டக்காரருக்காகவே இத்தனை சனிக்கிழமைகளையும் ஏற்பாடு செய்தார் என்று குழுவில் எழுதப்பட்டது. எழுதியவர் ஒரு அமர்வுக்கும் வந்தவரில்லை. அமர்வுகளின் வரிசையைப் பொருளாளர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம். சீகருக்காக நான் பேசியது உண்மை. மற்ற எல்லோருக்கும் கொடுத்த அதே பதினைந்து நிமிடத்தில்தான் பேசினேன். என்ன பேசினேன் என்பது பதிவில் இருக்க வேண்டும் என்பதால் இங்கே சுருக்கித் தருகிறேன்.

சீகர் வந்தது 2011 ஜூலையில். அணி தொடர்ச்சியாக 17 ஆட்டம் தோற்ற அதே மாதம். அதன்பின் 2021 வரை 11 சீசன், வேறு எந்த அணிக்கும் ஆடவில்லை. 1,480 ஆட்டம், 242 ஹோம் ரன், 2014இல் மூன்றாவது பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது. ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. அவர் தம்பி கோரி இரண்டு அணிகளோடு வேர்ல்ட் சீரிஸ் வென்று, இரண்டு முறையும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அண்ணன் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 2022 செப்டம்பர் 30 அன்று, கால் ராலியின் ஹோம் ரன்னில் ப்ளேஆஃப்புக்கான நம் அணியின் இருபது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது 2013 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. பெல்வியூவிலிருந்து 550ஆம் பஸ் பிடித்துப் போனேன். அந்த ஆண்டு அணி 91 ஆட்டம் தோற்றது. மூன்றாவது பேஸ் பக்கம் என் வரிசையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையில் பூண்டு ஃப்ரைஸ், அதுவும் ஆறிப்போயிருந்தது. மைதானத்தை ஒட்டிப் போகும் சரக்கு ரயில் நீளமாக ஹாரன் அடித்தது. எதிரணிக்காரர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். சீகர் முன்னால் பாய்ந்து, கையுறையை விட்டுவிட்டு வெறுங்கையால் பந்தை அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு எறிந்தார். அவுட். காலி நாற்காலிகளுக்கு நடுவே அந்தப் பந்து கையுறையில் விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தோற்றுக்கொண்டிருக்கிற அணி, பார்க்க ஆளில்லாத இரவு. அப்படியும் அவர் அப்படி ஆடினார். அன்றிலிருந்து நான் இந்த அணியின் ஆள்.

ப்ளேஆஃப் ஆடாதவருக்கு மரினர்ஸ் மண்டபத்தில் இடம் எதற்கு என்று கேட்டார்கள். அந்த மண்டபத்தில் 1997இல் முதன்முதலில் சேர்ந்த ஆல்வின் டேவிஸ் ப்ளேஆஃப் ஆடியதில்லை. அவர் இங்கே இருந்த எட்டு சீசனில் அணி தோல்விகளைவிட அதிக வெற்றி கண்டது கடைசி சீசனில் மட்டும்தான். ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 15 சீசன் பந்து வீசினார். அவருக்கும் ப்ளேஆஃப் கிடைக்கவில்லை. 2023இல் மண்டபத்தில் சேர்ந்தார். அந்தக் கதவு முதலில் திறந்ததே கஷ்ட காலத்தில் நின்றவருக்குத்தான். சீகரின் சராசரி .251 என்று ஒருவர் எழுந்து சொன்னார். சரி, குறைவுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆறாவது அமர்வு வாக்கெடுப்பு. அன்று நான் 32 நாற்காலி போட்டேன். இரண்டு ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காபி, ஒரு பாத்திரம் கொண்டைக்கடலைச் சுண்டல், இறுதியாக மிஞ்சிய மூன்று பேருடைய சாதனைகளையும் எழுதிய சார்ட் பேப்பர் சுவரில். என்னோடு சேர்த்து ஒன்பது பேர் வந்தோம். விவாதத்தை நடத்தியவன் என்பதால் நான் வாக்களிக்கவில்லை. சீகருக்கு 4, ஓலெருட்டுக்கு 3, ரெனால்ட்ஸுக்கு 1. மீந்த சுண்டலை மூன்று நாள் நாங்கள் வீட்டில் சாப்பிட்டோம்.

மறுநாள் குழுவில், 41 குடும்பங்கள் உள்ள மன்றத்தில் நான்கு வாக்கு எப்படி மன்றத்தின் முடிவாகும் என்று கேள்வி வந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குக் கட்டைவிரல் உயர்த்திய பதினெட்டுப் பேரில் பாதிப்பேர் அன்று அறைக்கு வந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் நினைவூட்டல் அனுப்பினேன். பிள்ளைகளின் வகுப்பு, அலுவலக வேலை, ஊரிலிருந்து பெற்றோர் வருகை எல்லாம் எனக்கும் உண்டு. வர முடியாது என்று ஒரு வரி எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு நன்றி. மற்றவர்களின் மௌனம்தான் கஷ்டமாக இருந்தது.

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 30 டாலர். 41 குடும்பங்களில் 23 கொடுத்துவிட்டன. அக்டோபரில் சேர்ந்த 14 குடும்பங்களிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. அவர்கள் கணக்கு 41இல் சேராது. பழைய உறுப்பினர்களில் சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகியிருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவாத வரிசைக்கு மன்றப் பணம் அதிகம் செலவானதாக ஒரு பேச்சு இருக்கிறது. அறைக்கு வாடகை இல்லை. அச்சுச் செலவு மட்டும் மன்றக் கணக்கில். காபியும் சுண்டலும் என் வீட்டுச் செலவு.

ஆண்டு முழுக்க வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைக் காத்த பொருளாளருக்கும், டீ-பால் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கும், மைதானத்துக்கு வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும், ஆறு அமர்வுக்கும் தவறாமல் வந்து குறிப்பெடுத்த, ஓலெருட்டுக்காகப் பேசிய ஐயாவுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இச்சிரோவுக்கு முன் இங்கே இதே எண்ணை அணிந்த ராண்டி ஜான்சனின் 51ஆம் எண்ணுக்கும் ஓய்வளிக்கப்போவதாக அணி அறிவித்திருக்கிறது. அதற்குக் குழுவாகப் போக வேண்டும். செயலாளர் பொறுப்பில் இன்னும் ஓர் ஆண்டு இருக்க எனக்குத் தயக்கமில்லை. வேறு யாராவது முன்வந்தால் குறிப்பேடு, நாற்காலிக் கணக்கு, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். ஆனால் விவாத வரிசை தொடர வேண்டுமா, நிறுத்திவிடலாமா என்பதை இன்று பொதுக்குழு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரோடும் நடத்தலாம். எட்டுப் பேர்தான் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரிய அறை கேட்க மாட்டேன்.

சீகருக்கான கடிதம் தயார். இரண்டு பக்கம், கூடவே மூன்றாவது பக்கமாக ஓலெருட்டுக்கான ஐயாவின் குறிப்பும் இணைத்திருக்கிறேன், சிறுபான்மைக் கருத்து என்ற தலைப்பில். பொதுக்குழு ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். கையெழுத்துக்கு 41 வரி விட்டிருக்கிறேன், எட்டு நிரம்பியிருக்கின்றன. கடிதம் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகத்துக்கு அருகில்.

இப்படிக்கு,
செயலாளர்