கடைசி வரை யாரோ: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சித்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தெருமுனை டீக்கடையில் கண்ணதாசனின் 'வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ' ஒலித்தது. நீங்கள் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். இரவு என்னிடம், "நாப்பது வருஷமா கேட்ட பாட்டு. கடைசி வரை யாருன்னு கேட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. பதில் தெரியாதவர் பாட்டை வச்சு நான் என்ன செய்யறது?" என்றீர்கள். அன்று எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

கண்ணதாசனை எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள்தான். சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்காரவைத்து ஓட்டியபடி நீங்கள் பாடிய பாடல்கள், பொருள் விளங்குவதற்கு முன்பே எனக்கு மனப்பாடமாகிவிட்டன. 'காடு வரை பிள்ளை' என்பதில் வரும் காட்டை மரமடர்ந்த வனம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தாத்தாவைத் தூக்கிச் சென்ற அன்று, அழுதுகொண்டு வந்த பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட, அப்பாவும் நீங்களும் மட்டும் சுடுகாட்டுக்கு நடந்ததைப் பார்த்தபோதுதான், நம் ஊர்ச் சாவு வீட்டின் நடைமுறையையே அந்த வரிகள் ஒன்றுவிடாமல் சொல்கின்றன என்று விளங்கியது.

அந்த நடைமுறையை அவருக்கு முன்பே பட்டினத்தார் பாடியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். செல்வமும் வாழ்வும் வீட்டு மட்டே, கண்ணீர் வடிக்கும் மாதர் வீதி மட்டே, தலையில் கைவைத்து அழும் மைந்தர் சுடுகாடு மட்டே என்று படிப்படியாக இறங்கிவந்து, 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே' என்று அவர் முடிக்கிறார். கேள்விக்கே அங்கு இடமில்லை. கூட வருவது எது என்று அவருக்கு ஐயமறத் தெரிந்திருக்கிறது. கண்ணதாசன் அதே வீட்டையும் வீதியையும் காட்டையும் எடுத்துக்கொண்டு, வினைப்பயன் நிற்கவேண்டிய இடத்தில் மட்டும் 'யாரோ' என்ற ஒரு சொல்லை வைத்தார். பட்டினத்தாரின் முடிவு அவருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. தெரிந்தே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

அவர் 'யார்' என்று எழுதவில்லை, 'யாரோ' என்று எழுதினார் என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன். சொல்லின் முடிவில் வரும் அந்த 'ஓ'வுக்கு, ஓகார இடைச்சொல்லுக்கு, நன்னூல் இலக்கணம் எட்டுப் பொருள் சொல்கிறது. வினாவும் அதில் உண்டு, இழந்ததை எண்ணி இரங்கும் கழிவும் உண்டு. பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. "வாசலில் யாரோ நிற்கிறார்கள்" என்று சொன்னால், ஆள் யாரென்று தெரியாது, ஆனால் ஆள் நிற்பது தெரியும். ஆகவே அந்த வரியை 'எவரும் இல்லையே' என்ற புலம்பலாகவும் கேட்கலாம், 'பெயர் தெரியாத ஒருவர் வருகிறார்' என்றும் கேட்கலாம். நாற்பது வருடமாக நீங்கள் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சில நாள் அதையும், சில நாள் இதையும் கேட்கிறேன்.

பாட்டு வந்த காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது இடம்பெற்ற 'பாத காணிக்கை' படம் 1962இல் வெளிவந்தது. பகுத்தறிவு பேசிய இயக்கத்தில் வளர்ந்த கவிஞர், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டு வெளியேறியிருந்தார். 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுத இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. 1961இல் 'பாலும் பழமும்' படத்துக்கு 'போனால் போகட்டும் போடா' எழுதியபோது உயிரை இரவல் தந்தவன் ஒருவன் இருந்தான், திருப்பிக் கேட்டான். 1964இல் 'ஆண்டவன் கட்டளை' படம் வந்தபோது, 'ஆறு மனமே ஆறு' பாட்டில் அந்தக் கட்டளையை ஆறு என்று எண்ணிச் சொல்லவே முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் இந்த 'யாரோ' மட்டும் விடையில்லாமல் நிற்கிறது. பதில் தெரியாதவர் என்று நீங்கள் சொன்னது அந்த ஆண்டுக்குப் பொருந்தலாம். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியதற்கும் அதுவே காரணம்: தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி, துக்கத்தில் இருப்பவரை ஏமாற்றாமல் இருந்தார்.

இருபத்தைந்து வயதில் வேலையும் போய், நம்பிக்கையும் போய், ஓர் அறையில் தனியாகக் கிடந்த நாட்களில் நான் பல நூல்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் விடை தயாராக இருந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. கேட்கத் துணிந்தவர் ஒருவர் எனக்கு முன்பே இருந்திருக்கிறார் என்ற எண்ணம்தான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. பிறகுதான் 'அனுபவம் என்பதே நான்தான்' என்று இறைவன் சொல்வதாக அவர் எழுதிய கவிதையைப் படித்தேன். அதுவும் விடை போலத் தோன்றி, போய் வாழ்ந்து பார் என்று நம்மையே அனுப்பிவைக்கும் கவிதைதான். சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தவர் 1981இல் சிகாகோவில், ஐம்பத்து நான்கு வயதில் கண்மூடினார். அதுவரை தம் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தார், மாற்றியதை மறைக்கவும் இல்லை.

ஆனால், சித்தப்பா, நீங்கள் அன்று எழுந்து போனதற்கு அந்தக் கடைசி வரி மட்டும் காரணமாக இருக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது ஆண் போகும் சாவுக்கு எழுதிய பாட்டு. மனைவி வீதியோடு நின்றுவிடுவாள் என்று அது கணக்குப் போடுகிறது. மனைவி முன்னால் போய், கணவன் காடு வரை நடந்து, வெறுங்கையோடு திரும்பிவந்தால் அவனுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. பட்டினத்தாரிடமும் இல்லை. இந்தக் குறையை நான் இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை. உங்களைப் பார்த்த பிறகே தெரிந்தது.

சித்திரை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். தாத்தாவின் பட்டினத்தார் பாடல் புத்தகம் மர அலமாரியின் மேல்தட்டில் இருக்கும், எடுத்து வையுங்கள். பாட்டைப் போடச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்