கொழும்புக்கு வரவில்லை, மச்சான்

மச்சான்,

அந்தக் கொழும்பு வேலை எனக்கு வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ பேசுவாய், நான் "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். உன் அக்காவும் இதை வாசிப்பா என்பதால் காசுக் கதை இங்கே வராது.

என்னை நம்பி அங்கே வாக்குக் கொடுத்தாய். உனக்கு முகம் கெட்டுவிடும், மன்னித்துக்கொள். ஆனால் என்னைக் கேட்டுவிட்டா கொடுத்தாய்?

விண்ணப்பத்தில் ஒரு வரியை வெட்டச் சொன்னாயே, அது இன்னும் ஆறவில்லை. லினக்ஸில் எந்த டிரைவர் வேண்டும் என்று தெரிவு செய்ய வைக்கும் கேகான்ஃபிக் கோப்புகள் இருக்கே, அவற்றில் பிளாஷ் மெமரி டிரைவர்களுக்கானவற்றில் இடைவெளி திருத்தியது. "ஸ்பேஸ் தட்டினவன் எண்டு சிரிப்பாங்கள்" என்றாய்.

2022 மின்வெட்டு நாட்களில் கல்லடியில் உங்கள் வீட்டு விறாந்தையில்தான் அதைச் செய்தோம். நுளம்புச் சுருள் புகை, சாகப்போகிற லேப்டொப் பெட்டரி. லினக்ஸின் மூலத் தொகுப்பில் பல டிரைவர் கேகான்ஃபிக்குகளை 2019இலேயே சீராக்கிவிட்டார்கள். நம் கையில் இருந்ததோ அதற்கும் பழைய பிரதி. கண்ணுக்கு எல்லா வரியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நீ அம்புக்குறி விசையை அழுத்திக் காட்டினாய்: ஒரு வரியில் கேர்சர் எட்டுத் தடவை ஊர்ந்தது, அடுத்த வரியில் ஒரே தாவல். முதலாவது ஸ்பேஸ், மற்றது டேப். "கள்ளன் பிடிபட்டான்" என்று நீ சிரித்த சிரிப்பில் உன் அம்மா எழும்பி வந்துவிட்டா. அந்த நீயா இப்படிச் சொன்னாய்?

விதி உனக்குத் தெரியும்: டிரைவரின் பெயர் சொல்லும் கன்ஃபிக் வரிக்குக் கீழே ஒரு டேப், உதவிக் குறிப்புக்கு அதோடு இரண்டு ஸ்பேஸ். அழகுக்கு மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன். குறிப்பின் முதல் வரியைவிட உள்தள்ளல் குறைந்த வரி வந்ததும் குறிப்பு முடிந்தது என்று கேகான்ஃபிக் எடுத்துக்கொள்ளும். டேப் எட்டுக் கட்டம், இரண்டு ஸ்பேஸோடு பத்து. அடுத்த வரியில் வெறும் எட்டு ஸ்பேஸ் என்றால் குறிப்பு அங்கேயே அறுந்துவிடும். மிச்ச வரியைக் கட்டளை என்று எடுத்து அது பிழை காட்டும்; நேண்ட் என்ற பிளாஷ் மெமரிக்கு டிரைவர் தெரிவு செய்ய வந்தவன் அங்கேயே நிற்பான்.

நீ சொன்னதிலும் நியாயம் உண்டு. இப்படி ஒரு பேட்ச், அதாவது திருத்தத் துண்டு, போட்டால் வேறு யாராவது அதே வரியில் செய்துகொண்டிருக்கும் வேலையோடு மோதும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேமில் ஒன்றும் எழுதாதவன் பெயர் வந்து நிற்கும். இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமலிருக்க அதற்கு -w போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டித் தந்ததே நீதான். குழப்பம் இல்லாமல் தனிப் பேட்சாகப் போடு என்றும் சொல்லித் தந்தாய். அப்படி ஒரு வாத்தியார் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

வீட்டு நிலைமையும் ஒரு காரணம். அது உனக்குத் தெரியும், வாசிக்கிற மற்றவர்களுக்குத் தேவையில்லை. இங்கிருந்தே செய்ய ஒரு வேலை எடுத்திருக்கிறேன், சம்பளம் குறைவு. விண்ணப்பத்தில் அந்த வரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்று சொன்னால் குத்திக் காட்டுகிறேன் என்பாய். சரி, குத்தித்தான் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை கொழும்புக்காரரிடம் நானே பேசுகிறேன். நீ நடுவில் புகுந்து சமாளிக்க வேண்டாம்.