முட்டி சொல்லும் சாட்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மனிதப் பரிணாமக் கட்டுரையில், 'மூளை பெரிதானதால் மனிதன் எழுந்து நின்றான்' என்று ஒரு வரி. நடந்தது நேர்மாறு. அதற்குச் சாட்சி கால்முட்டி.

1973இல் எத்தியோப்பியாவின் ஹடாரில், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை நீர்யானையின் விலா எலும்பு என்று நினைத்துக் காலால் எத்தினார் தொல்மனித ஆய்வாளர் டொனால்ட் ஜோஹான்சன். அது ஒரு கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. பக்கத்திலேயே தொடையெலும்பின் கீழ்முனையும் கிடைத்தது. இரண்டையும் பொருத்தினால் தொடையெலும்பு சாய்வாக நின்றது. சுமார் 34 லட்சம் ஆண்டுப் பழைய முட்டி! (ஒப்பிட்டுப் பார்க்க, அருகிலிருந்த அஃபார் மக்களின் கல்லறை ஒன்றிலிருந்து தொடையெலும்பை எடுத்துப்போனாராம். அதை மட்டும் நான் மெச்சமாட்டேன்.)

அந்தச் சாய்வில்தான் விஷயம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் முப்பது ஆண்டு உடற்கூறியல் நடத்தியவன் நான். முதலாமாண்டு மாணவர்களிடம் தொடையெலும்பைக் கொடுத்து, முட்டிப் பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் நிறுத்தச் சொல்வேன். நேராக நிற்காது, வெளிப்பக்கமாகச் சாயும். "சார், இது கோணல் எலும்பா?" என்று கேட்காத பேட்ச் கிடையாது. சிம்பன்சியின் எலும்பு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். இடுப்பு அகலமாக இருந்தும் நம் முட்டிகள் உள்ளே ஒதுங்கி உடம்புக்கு நேர் கீழே வருவது இந்தச் சாய்வால்தான். நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு நொடி ஒற்றைக்காலில் நிற்கிறோமே, அப்போது விழாமல் இருப்பதும் இதனால்தான். சிம்பன்சி இரண்டு காலில் நடந்தால் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டியாக வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு இல்லை. தத்தித் தத்தி நடை பழகும் வயதில், பாரம் ஏற ஏற எலும்பு அப்படி வளர்கிறது. நடக்கவே முடியாமல் போன பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. 1974இல் அதே ஹடாரில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழைய 'லூசி' என்ற ஆதிமனித இனப் பெண்ணின் தொடையெலும்பும் சாய்ந்தே இருக்கிறது. அப்படியென்றால் அவளே சிறுவயது முதல் இரண்டு காலில் நடந்து திரிந்தவள். அவள் இனத்தின் மூளையோ நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொன்று. சாட் நாட்டு எலும்பை வைத்து, 70 லட்சம் ஆண்டுக்கு முன்பே நம் மூதாதையர் இரண்டு காலில் நடந்தாயிற்று என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. 2001இல் எடுத்த அந்தத் தொடையெலும்புக்கு இரு முனையும் இல்லை, வெறும் தண்டு. 2020இல் ஒரு குழு அது நடந்த கால் இல்லை என்றது, 2022இல் இன்னொரு குழு நடந்த கால்தான் என்றது. கென்யாவில் 2000இல் கிடைத்த, சுமார் 60 லட்சம் ஆண்டுப் பழைய ஒர்ரோரின் என்ற ஆதி இனத்துக்காவது தொடையெலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி) மிஞ்சியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குனிந்த குரங்கு படிப்படியாக நிமிரும் பழைய படத்தையே மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை மனிதன், சிம்பன்சி தொடையெலும்புகள் இரண்டையும் அக்கம்பக்கமாக நிறுத்திப் படம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர்,
மதுரை.