தலையணை அறிக்கையும் பத்துப் பக்கச் சுருக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே கல்குவாரி ஒன்று வரவிருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அதன் வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்க மாவட்டத் தலைநகருக்குச் சென்றிருந்தேன். தலையணை கனத்தில் இருந்த அந்த ஆங்கிலத் தொகுப்பில் மாவட்ட வரலாற்றுக்கும் சட்டங்களின் பட்டியலுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. பாறைக்கு வெடி வைக்கும்போது ஏரிக்கரையும் மதகும் அந்த அதிர்வைத் தாங்குமா என்பதற்கு இரண்டே வரிகள்தாம். குவாரி நிலத்தின் ஓரமாகவே ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஓடுகிறது. வரைபடத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

இப்படிப் பெருக்கி எழுதும்படி சட்டம் சொல்லவில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கம் ஏ4 தாளில் பத்துப் பக்கங்களுக்கு மிகக் கூடாது என்றும், அது ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும் என்றும், மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் வேண்டும் என்றும் விதிக்கிறது. முழு அறிக்கையையும் தமிழில் தரும் கட்டாயம் அதில் இல்லாததால், எங்களில் பெரும்பாலோர் படிக்கக்கூடியது அந்தப் பத்துப் பக்கம் மட்டுமே. எங்களுக்குக் கிடைத்த தமிழ்ச் சுருக்கத்திலோ கால்வாயும் இல்லை, மதகும் இல்லை. 'பாதிப்பு குறைவாக இருக்கும்' என்ற வாக்கியமே திரும்பத் திரும்ப வருகிறது.

அமெரிக்காவில் 2023-இல் செய்த சட்டத்திருத்தம், விரிவான சுற்றுச்சூழல் அறிக்கையைப் பின்னிணைப்புகள் நீங்கலாக 150 பக்கங்களுக்குள்ளும், மிகச் சிக்கலான திட்டமானால் 300 பக்கங்களுக்குள்ளும் முடிக்கச் சொல்கிறது. பக்கத்துக்கு வரம்பு கட்டினால் மட்டும் போதுமென்று நான் நினைக்கவில்லை, ஏனெனில் சொல்லவேண்டியதைப் பின்னிணைப்பில் புதைத்துவிட அது வழிவிடும். எந்த ஊருக்கும் பொருந்துகிற பொதுத் தகவல்கள்தாம் குறைக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் எடுத்த நீர், காற்று, அதிர்வு அளவுகளில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது.

ஆகவே, கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்பே தமிழ்ச் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சரிபார்த்து, புல எண்களும் அருகிலுள்ள ஏரி, ஓடை, கிணறுகளின் பெயர்களும் அதில் இல்லையென்றால் திருத்தி எழுதத் திருப்பி அனுப்ப வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்