காயலுக்குக் கிளம்பும் முன்

நண்பர்களே, ஞாயிறு பறவை பார்க்கக் காயலுக்கு வருகிறவர்கள் ஓத நேரம் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரம்) பார்த்துக் கிளம்புங்கள். உச்ச ஓதத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருப்பது நல்லது. சேற்றுத்திட்டு மூழ்க மூழ்க, சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் நம் பக்கம் நெருங்கி வரும். நீர் வடிந்துவிட்டால் தொலைவில் வெறும் புள்ளிகள்தான். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பூநாரை தென்பட்டால் அலகைக் கவனியுங்கள். தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி இரையை வடிகட்டும். எனக்கு அலுக்காத காட்சி!

படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். வலசைக்காகச் சேர்த்த கொழுப்பு ஒவ்வொரு பதற்றத்திலும் கரைகிறது. மேயும் பறவைகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாலே பின்வாங்கிவிடுங்கள்.

சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்தாற்போல் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் மறக்காதீர்கள்.