சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு வாடகைக்காரனின் மடல்

தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, வணக்கம்.

இந்த ஊரில் 14 வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். இப்போது இருப்பது ஐந்தாவது வீடு. இத்தனை வருடத்தில் ஒரு சங்கக் கூட்டத்தில்கூட நான் உட்கார்ந்ததில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் கட்டிவிடுகிறேன். ரசீதில் ஓனர் பெயர் இருக்கும். சரி, அது போகட்டும், அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

போன வருடம் மே மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் எங்கள் குளியலறைக் கூரையில் ஈரம். முதலில் கைக்குட்டை அளவு, அப்புறம் துண்டு அளவு, அப்புறம் சுவர் வழியாக இறங்கிச் சமையலறைப் பக்கம் வந்து, ஒருநாள் காலையில் பூச்சு பெயர்ந்து இட்லி மாவுக்குள்ளேயே விழுந்தது. ஓனருக்கு போன் செய்தேன், "அது மேல் வீட்டுக்காரர் பிரச்சினை சார், நான் என்ன பண்ண முடியும்" என்றார். மேல் வீட்டில் நான்கு பையன்கள், "நாங்களும் வாடகைதான் அண்ணா, ஓனர் துபாய்ல இருக்கார், வாட்ஸப்ல போட்டிருக்கோம், ப்ளூ டிக் வந்திருக்கு" என்றார்கள். நியாயம்தான், பாவம். கடைசியில் சங்கச் செயலாளரிடம் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலிகூடப் போட்டார். "நீங்க மெம்பர் இல்லையே சார், உங்க ஓனரை ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க, அடுத்த கமிட்டி மீட்டிங்ல வைக்கலாம்."

இப்படியே 22 நாள் ஓடியது. தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் சட்டையைக் கொடுக்கும்போது சும்மா புலம்பினேன். "இந்த பில்டிங்குக்கு லைன் போட்டவரே ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கார், கூட்டிட்டு வரட்டுமா?" என்றார். சாயங்காலமே வந்தார் அந்த பிளம்பர். மேல் வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி தண்ணீரில் நீலம் கலந்து ஊற்றிவிட்டுக் கீழே வந்து, தலையை அண்ணாந்து காத்திருந்தார். பத்து நிமிடத்தில் எங்கள் கூரையில் நீலம் கசிந்தது. தரையில் தண்ணீர் இறங்கும் நானி டிராப்பின் ஜாயின்ட் விட்டுப்போயிருக்கிறது, குழாய் முழுசும் மாற்ற வேண்டாம், அந்த இடத்தை மட்டும் கொத்தி அடைத்தால் போதும் என்றார். 1,800 ரூபாயில் வேலை முடிந்தது. கூடவே ஒரு தகவலும் சொன்னார்: இதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டில் இதே கோளாறுக்கு அவர் வந்து போயிருக்கிறார், சங்கம்தான் கூப்பிட்டதாம்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆள் இருக்கிறார், அவருடைய நம்பர் சங்கத்தின் கையில் இருக்கிறது, நான் அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதற்கப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017-இல் நிறைவேறி, 1960-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங், இதெல்லாம் உரிமையாளர் பாடு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, பூட்டு, கொசு வலை, உடைந்த கண்ணாடி, இதெல்லாம் குடியிருப்பவர் பாடு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர இதுதான் கணக்கு. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி ஆளைக் காலி செய்ய வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். (பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நம் ஊரில் இதை வாய்விட்டுப் படித்தாலே புரோக்கர்கள் சிரிப்பார்கள், தெரியும்.) தகராறு வந்தால் வாடகை அதிகாரி, அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் தீர்ப்பாயம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, ஒரு பதிவெண் வாங்கிக்கொள்ள வேண்டும். 11 மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொண்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய நினைப்பு. புதுச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் பதிவு உண்டு.

இது வாடகைக்காரனுக்கு மட்டுமான கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தி தாம்பரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். சித்தப்பா போனபின் அந்த வாடகைதான் அவருக்கு மாத்திரை, அரிசி எல்லாம். குடியிருந்தவர் ஐந்து மாதம் பணம் தரவில்லை, கேட்டால் "அடுத்த வாரம் ஆன்ட்டி". சித்தி யாரிடம் போவார்? புரோக்கரிடம் போனார், அவர் "பசங்களை அனுப்பிப் பேசச் சொல்லவா" என்றார், சித்தி பயந்துபோய் வந்துவிட்டார். இரண்டு மாத வாடகை பாக்கி என்றாலே சட்டத்தில் காலி செய்யக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு 15100 என்று ஒரு எண் இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு எதிரிலேயே சங்கக் கட்டடம். அங்கே ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் தினமும் பேப்பர் படிக்க வருவார். சித்தி அந்தச் சங்கத்தின் மெம்பர், சந்தா பாக்கி இல்லை, ஆனாலும் அந்தப் பக்கம் போய்க் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சங்கம் என்றால் பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஆகஸ்ட் 15-க்குக் கொடி, தெருவில் கார் நிறுத்தும் சண்டை, இவ்வளவுதான் அவர் மனதில்.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம் வாங்காமல் சம்ப் மோட்டாரோடும் லிஃப்ட் கம்பெனிக்காரனோடும் மல்லுக்கட்டுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் புகார். தெருவில் தண்ணீர் தேங்கினால், அது மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, 1913. கழிவுநீர் என்றால் மெட்ரோ வாட்டர், 4567 4567. பக்கத்தில் போனாலே வாசனை சொல்லிவிடும், ஆனால் எண்ணை மாற்றி அழைத்துவிட்டு அரை நாளை வீணாக்குகிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர். கரண்ட் என்றால் மின்னகம், 94987 94987. மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் மாதம் இரண்டாவது சனிக்கிழமை குறை கேட்கும் கூட்டம் உண்டு, அங்கே வாடகைக்காரன் போனாலும் கேட்பார்கள். புது அடுக்ககத்தில் வீடு வாங்கியவருக்கு, சாவி வாங்கி ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டரே தன் செலவில் 30 நாளில் சரிசெய்து தர வேண்டும், தராவிட்டால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம், இதைத் தெரியாமல் சொந்தப் பணத்தில் வாட்டர் ப்ரூஃபிங் செய்துகொள்கிற ஓனர்கள் உங்கள் மாடியிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். அப்புறம் ஒன்று, செப்டிக் டேங்க்குக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கினால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ஐந்நூறு சேர்த்துக் குடுத்தா இறங்கிடுவான்" என்று பேசுவதை இனிமேலாவது நிறுத்துங்கள், இது கெஞ்சல் இல்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஓட்டுரிமை வேண்டாம், பதவி வேண்டாம். வாடகைக்கு இருப்பவரும் கூட்டத்தில் வந்து தன் வீட்டுப் பழுதைச் சொல்லலாம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். ஓனர் வெளியூரில் இருந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள், நாங்கள் பத்து முறை பேசுவதும் நீங்கள் ஒரு முறை பேசுவதும் ஒன்றில்லை. உங்கள் டைரியில் இருக்கும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர், கொத்தனார் நம்பர்களை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிப் போடுங்கள். அவர்களுக்கும் வேலை கிடைக்கும். ஓய்வுபெற்ற வக்கீலோ, இன்ஜினியரோ, மின்வாரியத்தில் இருந்தவரோ ஒருவர் இல்லாத தெரு சென்னையில் இருக்காது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். குட்மார்னிங் ரோஜா வராத ஒரு வாட்ஸப் குழுவும் ஆரம்பித்தால், அது என் பேராசை.

நானும் சும்மா இல்லை. மேலே சொன்ன எண்களையும், எந்தப் பழுது யாருடையது என்ற பட்டியலையும், அந்த பிளம்பரிடம் கேட்டு அவர் நம்பரையும் ஒரு தாளில் எழுதி எங்கள் லிஃப்ட் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மூன்றாம் நாள் காணோம். சுவர் பெயின்ட் கெடுகிறது என்று எடுத்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு வைத்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது, பூட்டு போட்டு. உள்ளே 2021-இல் நடந்த பொதுக்குழுவின் அறிவிப்பு மஞ்சளாகிப் போய் இருக்கிறது.

இன்னொரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். பூட்டுச் சாவி செயலாளரிடம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடி, வாடகைக்கு இருப்பவன்